ஐந்தாம் எண் கடையில் எடுத்த படம்

கொல்லிமலைக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை போகிறேன். ஆஸ்பத்திரி எக்ஸ்ரே கருவிகளைச் சோதித்துச் சரிபார்ப்பது என் வேலை. போகும்போதெல்லாம் பஸ் ஸ்டாண்டை அடுத்து வேன்கள் நிற்கும் இடத்தில் ஐந்து நிமிடம் நிற்பேன். அங்கேதான் காம்ப்ளக்ஸ் இருந்தது.

அப்பாவுக்கு வேளாண்மை அலுவலகத்தில் வேலை. தர்மபுரிப் பக்கமிருந்து மாற்றலாகி மலையேறியபோது எனக்கு ஐந்து வயது. கீழே இறங்கியபோது பன்னிரண்டு. கல்லூரியில் கோயம்புத்தூர்ப் பெண்கள் மால், மால் என்று பேசும்போது, எங்கள் ஊரிலும் ஒன்று இருந்தது என்று சொல்லியிருக்கிறேன். பொய்யில்லை. தகரக் கூரை போட்ட ஒரு நடை, இரண்டு பக்கமும் நான்கு நான்கு கடை, வாசலில் இரும்பு கேட். மழையில் நனையாமல் எட்டுக் கடையும் சுற்றலாம் என்பதே எங்களுக்குப் பெரிய வசதி.

கட்டடத்தை இடித்தவர்கள் தரையை விட்டுவிட்டார்கள். சுவர் இல்லை, கூரை இல்லை. எட்டுத் தரைகள் மட்டும் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கின்றன. எந்தத் தரை எந்தக் கடை என்று எனக்குத் தெரியும். சிவப்புச் சிமென்ட் என்றால் ஒன்றாம் எண், துணிக்கடை. காளப்பநாயக்கன்பட்டியிலிருந்து முதல் பஸ்ஸில் வரும் பாய் வைத்திருந்தது. பள்ளிக்கூடச் சீருடைத் துணியை ஆறு மாதம் வளர்த்திக்கும் சேர்த்துத்தான் கிழிப்பார். இரண்டு, செருப்புக்கடை; புது ரப்பர் வாசனை நடை முழுவதும் நிற்கும். மூன்று, வளையல் கடை. நான்கு, விதையும் பூச்சி மருந்தும். அந்த வாசலைத் தாண்டும்போது மூச்சைப் பிடித்துக்கொள்வோம். ஐந்து, ஸ்டூடியோ, கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட தரை. ஆறு, எஸ்.டி.டி. பூத். ஏழில் கேசட் விற்றார்கள், பிறகு சி.டி., பிறகு எதுவும் விற்கவில்லை. எட்டு எப்போதும் பூட்டியிருந்தது.

இப்போது அந்தத் தரைகளின் மேல் வேன்கள் நிற்கின்றன. டிரைவர்கள் சுவர் இருந்த இடத்தின் வழியாக நடந்துபோகிறார்கள். நான் மட்டும் இன்னும் நடைவழியாகத்தான் சுற்றிப் போகிறேன். கால் அப்படித்தான் போகிறது.

மூன்றாம் எண் வளையல் கடை அக்காவின் மகளும் நானும் ஒரே வகுப்பு. பள்ளி விட்டால் நேராகக் காம்ப்ளக்ஸ்தான். எங்களுக்குப் பிடித்த விளையாட்டு ஸ்டூடியோவின் கண்ணாடி அலமாரி முன்னால். உள்ளே மாட்டியிருக்கும் படங்களைப் பார்த்தபடி இடமிருந்து வலம் நடக்க வேண்டும். நம்மோடு கண் திரும்பும் படங்களையும் திரும்பாத படங்களையும் தனித்தனியாக எண்ண வேண்டும். திரும்பாதவை எப்போதும் மூன்று.

“அதெல்லாம் செத்தவங்க,” என்பாள் அவள். “கண்ணு வரஞ்சதுடி.”

அவள் சொன்னது சரி. அன்று மலையில் பலருக்கும் உயிரோடு இருக்கும்போது படம் எடுத்துக்கொள்ளத் தோன்றியதில்லை. இறந்தபின் ஸ்டூடியோக்காரரைக் கூப்பிடுவார்கள். அவர் போய், உடலை நாற்காலியில் சாய்த்து உட்கார வைத்து எடுப்பார். பிறகு ஐந்தாம் எண் கடையில் உட்கார்ந்து, மூடிய இமைகளின் மேல் மெல்லிய தூரிகையால் திறந்த கண்களை வரைவார். வீட்டுச் சுவருக்குப் போகும்போது படத்தில் இருப்பவர் விழித்திருப்பார்.

நான்காம் வகுப்பு படிக்கும்போது அவள் காய்ச்சலில் போய்விட்டாள். நாலு நாள் காய்ச்சல்தான். என்னை அந்த வீட்டுக்குக் கூட்டிப்போகவில்லை. வளையல் கடை ஷட்டர் இறங்கிக் கிடந்தது. நான் பழக்கத்தில் தனியாகக் காம்ப்ளக்ஸைச் சுற்றினேன்.

அந்த வாரத்தில் ஒருநாள் ஸ்டூடியோக்காரர் என்னைக் கூப்பிட்டார். கடைக்குள் புதிதாக ஒரு கம்ப்யூட்டர் இருந்தது.

“இப்படி ஸ்டூல்ல உக்காரு சாமி. ஒரே ஒரு படம்.”

“எதுக்குங்க? அம்மா பணம் குடுக்கலைங்க.”

“உங்கம்மாகிட்ட யாரு கேட்டா? அசையாத. சிரிக்காத. உன்ற கூட்டாளி எதுக்கால நிக்கறான்னு நெனச்சுக்கிட்டு, சும்மா பாரு.”

பார்த்தேன். விளக்கு வெட்டியது. அந்தப் படம் எனக்குக் கிடைக்கவில்லை. பிறகு கேட்டபோது, “அது சரியா வரல கண்ணு,” என்றார். நானும் விட்டுவிட்டேன்.

போன தை மாதம் வேலை முடிந்து வேன்களுக்கு நடுவே நின்றிருந்தேன். பகல் மூன்று மணிதான். ஆனால் பனி இறங்கி, எட்டுத் தரைகளில் பாதி மறைந்திருந்தது. மூன்றாம் எண் தரையில் ஒரு பெண் நின்றிருந்தாள். வளையல் கடை அக்கா. தலை நரைத்திருந்தது. கடையில் நிற்கும்போது ஒரு காலை மடித்து நிற்பாள். இப்போதும் அப்படியே நின்றாள். கல்லாவும் வளையல் அடுக்கும் மட்டும்தான் இல்லை.

“ஏங்கண்ணு, ஆபீசர் பொண்ணுதானே நீயி?” என்றாள். “நீ இங்க வந்து வந்து நிக்கறன்னு டீக்கடையில சொன்னாங்க. மூணு நாளாப் பாத்துட்டு இருக்கறேன்.”

“நல்லா இருக்கீங்களா அக்கா?”

“இருக்கறேன். நீ என்னமோ ஒடம்புக்குள்ள படம் எடுக்கற மிஷினு ரிப்பேர் பண்றியாமா. மேல படம் எடுத்தது கெட்டுப் போச்சுன்னா பண்ணுவியா?”

விஷயம் இதுதான். மகனுக்கு அடுத்த வாரம் கல்யாணம். கல்யாணமாகாமல் இறந்துபோன பெண்ணின் வீட்டில், அடுத்த கல்யாணத்துக்கு முன் அவளுக்குப் புடவை படைத்துக் கும்பிட வேண்டும். இது அவர்கள் வழக்கம். இத்தனை வருடமும் மகளின் படத்துக்கு முன்னால் பாவாடை சட்டை வைத்தாள். இந்த முறை புடவை. ஆனால் படத்தில் இருப்பது ஒன்பது வயதுப் பிள்ளை. அதுவும் பூஞ்சை பிடித்துப் போகிறது.

“உனக்கு என்ன வயசு இப்போ?”

“இருபத்தேழுங்க அக்கா.”

“அவளுக்கும் அதுதானே. போன்ல என்னமோ சின்னப் புள்ளையப் பெருசாக்கிக் காட்டறாங்களாமா. எனக்கு அவளைப் பெருசாப் பாக்கோணும் கண்ணு. ஒரே ஒருக்கா. புடவை கட்டற வயசுல.”

அவளிடம் மகளின் வேறு படம் கிடையாது. உயிரோடு இருக்கும்போது எடுத்தது ஒன்றுகூட இல்லை.

மலையிலேயே ஆலத்தூர் நாடு என்னும் ஊர்ப்பகுதியில் இருந்த அவள் வீட்டுக்குப் போனோம். படத்தை அவளே சுவரிலிருந்து இறக்கி, முந்தானையால் துடைத்துக் கொடுத்தாள். கண்ணாடியைக் கழற்றினேன். ஈரம் நான்கு ஓரத்திலிருந்தும் உள்ளே வந்திருந்தது. முடி போயிருந்தது, காது போயிருந்தது, சட்டை இருந்த இடம் பழுப்பு வட்டங்களாக இருந்தது. கண்கள் மட்டும் தெளிவாக இருந்தன. அக்கா காப்பி போட உள்ளே போனாள்.

கேமராவில் பதிவுசெய்து லேப்டாப்பில் ஏற்றினேன். பழைய படங்களைச் சரிசெய்வது என் பொழுதுபோக்கு. அதில் எனக்கு ஒரு வரிசை உண்டு: முதலில் கறை, பிறகு கீறல், பிறகு விளிம்பு, கடைசியில் கண். கண்ணுக்கு வந்தபோது முப்பது மடங்கு பெரிதாக்கினேன்.

கருவிழிக்குள் ஒரு வெள்ளைச் சதுரம் இருந்தது. ஸ்டூடியோவில் விளக்குக்கு முன்னால் கட்டும் துணியின் பிரதிபலிப்பு. வீட்டு நாற்காலியில் எடுத்த படத்தில் அது விழ வழியில்லை. சரி, வேறு யாருடைய கண்ணையோ கம்ப்யூட்டரில் வெட்டி வைத்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டு, இடது கண்ணுக்கு நகர்ந்தேன். கருவிழியின் கீழோரத்தில் கடுகளவு ஒரு பழுப்புப் புள்ளி.

அந்தப் புள்ளி எனக்கு இருக்கிறது. என் பாஸ்போர்ட் படத்தில் இருக்கிறது. காலையில் பொட்டு வைக்கும்போது தினமும் பார்க்கிறேன்.

கையை எடுத்துவிட்டேன். திரை முழுவதும் என் ஒன்பது வயதுக் கண், அவள் முகத்துக்குள்ளிருந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. கூட்டாளி எதிரில் நிற்கிறாள் என்று நினைத்துக்கொண்டு பார்த்த பார்வை.

உள்ளேயிருந்து அக்கா கேட்டாள்: “சர்க்கரை போடலாமா கண்ணு?”

“போடுங்க அக்கா.”

வேறென்ன செய்வதென்று தெரியாமல், அவள் கேட்ட வேலையைச் செய்தேன். வயதைக் கூட்டும் மென்பொருளில் படத்தைக் கொடுத்து, இருபத்தேழு என்று போட்டேன். முகம் கொஞ்சம் கொஞ்சமாக நீண்டது. கன்னம் வற்றியது, தாடை வந்தது. கண்கள் தம் இடத்திலேயே இருந்து, மற்றதையெல்லாம் தம் பக்கம் இழுத்துக்கொண்டன. முடிந்தபோது திரையில் இருந்தவளை எனக்கு நன்றாகத் தெரிந்தது.

அக்கா டம்ளரோடு வந்து என் தோளுக்குப் பின்னால் நின்றாள். திரையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

“இது என்ன கண்ணு, உன்னாட்டவே இருக்குது?”

மென்பொருள் தவறு என்று சொல்லியிருக்கலாம். அவளும் நம்பியிருப்பாள். அடுத்த வாரம் அந்தப் படத்துக்கு முன்னால் புடவையும் பூவும் வைத்து விழுந்து கும்பிடுவார்கள். கும்பிடுவது என் கண்களை. சொல்லிவிட்டேன். ஸ்டூல், விளக்கு, கிடைக்காத படம், புள்ளி எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். என் இடது கண்ணின் கீழிமையை விரலால் இறக்கிக் காட்டினேன். அவள் குனிந்து, ஊசியில் நூல் கோப்பவளைப் போலப் பார்த்தாள்.

“அப்ப என்ற புள்ள கண்ணு?”

“படத்துல இல்லீங்க அக்கா. எடுக்கறப்ப மூடியிருந்துச்சு.”

டம்ளரைத் தரையில் வைத்தாள். “பதினெட்டு வருசமா அவ பாத்துட்டு இருக்கறான்னு இந்த ஊட்ல நாங்க சத்தமாச் சண்டைகூடப் போட்டதில்ல. எல்லாம் நீதான் பாத்தியா?”

கோபமா, சிரிப்பா என்று எனக்குத் தெரியவில்லை. அவளுக்கும் தெரிந்திருக்காது.

“எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க அக்கா,” என்றேன். அந்த வீட்டில், அந்தச் சுவருக்கு எதிரில், அது முழு உண்மையாக எனக்கே தோன்றவில்லை.

“நீ என்ன பண்ணுவ. அந்த மனுசன் நல்லா இருக்கோணும்னுதான் பண்ணிருப்பான்.” திரையைக் காட்டிச் சொன்னாள்: “ஆனா உசுரோட இருக்கறவ கண்ணுக்கு மாலை போட மாட்டேன் சாமி. உன்ற அம்மா கேட்டா என்னைய என்ன சொல்லுவா? எடுத்துரு.”

“எடுத்தா அங்க ஒண்ணும் இருக்காதுங்க. இமை வேணும். அதுவும் அந்தப் படத்துல கெடையாது.”

“மூடுன கண்ணுதானே? என்றதை எடுத்துக்க. பெத்தவளுது ஒத்துப் போகும்.”

ஜன்னல் பக்கம் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள். தலை வாரி, பொட்டைச் சரிசெய்துகொண்டு கண்ணை மூடினாள். கேமராவை முகத்துக்கு நெருக்கமாகக் கொண்டுபோனேன். “அசையாதீங்க,” என்று நான் சொன்ன குரல் எனக்கே பிடிக்கவில்லை. அவள் அசையவில்லை. மூச்சுகூடத் தெரியவில்லை. வெளியே பனி ஜன்னல்வரை வந்து நின்றது. தேவைக்கு மேல் நாலைந்து எடுத்தேன்.

“முடிஞ்சுதா?” என்றாள், கண்ணைத் திறக்காமல்.

“முடிஞ்சுதுங்க.”

ஒன்றரை மணி நேரம் ஆனது. என் கண்கள் போனதும் அந்த முகம் என்னை விட்டு விலகிவிட்டது. மூக்கு என் கூட்டாளியின் மூக்காயிற்று. மேலுதடு, விளையாட்டில் என்னைக் கிண்டல் செய்யும் மேலுதடாயிற்று. தாயின் இமைகள், சுருக்கம் நீக்கியபின், அளவெடுத்தது போல் உட்கார்ந்தன. இருபத்தேழு வயதுப் பெண் ஒருத்தி, மத்தியானம் அசந்து தூங்குவது போல.

அக்கா திரையைத் தொட்டுப் பார்த்தாள். “இவளாட்டத்தான் இருந்திருப்பா,” என்றாள். பிறகு, “இனி அவ எங்களைப் பாக்க மாட்டா, இல்ல?”

“பாக்க மாட்டாங்க அக்கா.”

“பரவால்ல, தூங்கட்டும். நாங்க பாத்துக்கறோம்.” முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “அந்த மனுசன் அதுக்கப்புறமும் எத்தனையோ ஊட்டுக்குப் படம் பண்ணிக் குடுத்தான். நீ எந்தெந்தச் செவுத்துல தொங்கிட்டு இருக்கியோ, போ.” இப்போது சிரித்தாள். என்னால் சிரிக்க முடியவில்லை.

கிளம்பும்போது பழைய படத்தைச் செய்தித்தாளில் சுற்றி என் கையில் கொடுத்தாள். அவளால் அதை எரிக்க முடியாது, மகளின் முகம். மறுபடி மாட்டவும் முடியாது. நீயே வைத்துக்கொள் என்றாள். கொண்டை ஊசி வளைவுகள் முழுவதும் அதை மடியில் வைத்துக்கொண்டு இறங்கினேன்.

நாமக்கல்லில் என் அறையில் இருக்கிறது. மாலை போட முடியாது, நான் இருக்கிறேன். போடாமலும் மாட்ட முடியாது, அவள் இல்லை. பீரோவுக்குப் பின்னால் சுவரைப் பார்த்தபடி சாய்த்து வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் எடுத்து, பூஞ்சை மேலும் ஏறாமல் துடைத்து, அதே பக்கம் திருப்பி வைக்கிறேன்.