ஸ்கேனில் தெரிந்த ஓட்டையும் செல்வியின் அருவிக் குளியலும்

முதலில் நினைவுக்கு வருவது அந்தக் குளிர்ச்சிதான்...

குற்றாலத்தில் எண்ணெய் தேய்த்து விடுவது என் தொழில். எண்ணெயை உள்ளங்கையில் சூடாக்காமல் யார் மேலும் கை வைக்க மாட்டேன். அன்றைக்குத் தென்காசி ஸ்கேன் அறையில், என் மனைவி இசக்கியம்மாளின் வயிற்றில் அந்த டாக்டரம்மா பசையை அப்படியே பிதுக்கினார். அவள் துள்ளிய துள்ளல் இன்னும் கண்ணில் நிற்கிறது. கொஞ்சம் சூடு காட்டியிருக்கலாமே என்று எனக்கு வாய் வரைக்கும் வந்தது. டாக்டரிடம் யார் சொல்வது...

வயசான காலத்தில் வகுப்புக்குப் போய் எழுதக் கற்றவன் நான். போனில் ஒவ்வொரு எழுத்தாகத் தேடி இதை எழுதுகிறேன். எழுத எழுத ருசியாக இருக்கிறது.

அப்போது மகள் செல்வி வயிற்றில். எங்களுக்கு முதல் பிள்ளை. திரையில் பிள்ளையைத் தேடினால், மெயின் அருவிச் சாரல் மாதிரி வெள்ளையும் கருப்புமாகப் பொடிப் புள்ளிகள்தான். டாக்டரம்மாவே கண்ணைச் சுருக்கிச் சுருக்கிப் பார்த்தார். இதயத்தின் நடுச்சுவரில் ஓர் இடைவெளி தெரிகிற மாதிரி இருக்கிறது என்று விரலால் காட்டினார். ஓட்டையாக இருக்கலாம், படம் தெளிவில்லாததாலும் இருக்கலாம் என்றார்.

'இருக்கலாம்' என்ற சொல்லை வைத்துக்கொண்டு எப்படித் தூங்குவது...

செல்வி பிறந்தாள். தெருவே கேட்கும்படி அழுதாள். டாக்டர்கள் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டு, ஒன்றுமில்லை என்றார்கள். நான் நம்பினேன். இசக்கி நம்பவில்லை.

"இவுக காதால கேட்டுச் சொல்லுதாக. கண்ணால பாத்தவுக ஓட்டைன்னுதான சொன்னாக?"

இன்னொரு ஸ்கேன் எடுப்போம் என்றால், மறுபடி ஓட்டை என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது என்று வரவே மாட்டாள்.

அருவித் தண்ணீர் நெஞ்சில் அறையும், மூச்சு முட்டும் என்று செல்வியை ஒரு சீசனிலும் அருவிக்குக் கீழே நிற்க விட்டதில்லை. எங்கிருந்தெல்லாமோ பஸ் பிடித்து வந்து குளிக்கிறார்கள். அருவிச் சத்தத்திலேயே தூங்கி எழுந்த பிள்ளைக்கு ஓரமாக உட்கார்ந்து சொம்புக் குளியல். மணிக்கட்டை அம்மா பிடித்திருப்பாள். கூட்டாளிப் பிள்ளைகள் அவளைச் 'சொம்புச் செல்வி' என்றே கூப்பிட்டார்கள். கல்யாணமாகிப் பாவூர்சத்திரம் போன பிறகும், சீசனுக்கு வந்தால் அப்படித்தான்.

போன வருஷம் செல்வி உண்டானாள். அதே தென்காசி, வேறு ஸ்கேன் சென்டர். வாசலில் இருந்த போர்டை நானே எழுத்துக் கூட்டிப் படித்தேன். கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று சொல்ல மாட்டார்களாம். சத்தமாகப் படித்துவிட்டேன் போலிருக்கிறது. "எங்களுக்கும் தெரியும் தாத்தா" என்றது வரிசையில் இருந்த ஒரு பெண்.

உள்ளே இருந்த டாக்டருக்குச் சின்ன வயசு. பசையைச் சூடாக்கி வைத்திருந்தார். எனக்கு அப்போதே அவரைப் பிடித்துவிட்டது.

ஆனால் திரையில் அதே சாரல்... அதே நடுச்சுவர்... அதே இடைவெளி. அன்றைக்கு விரலால் காட்டிய இடத்தை இசக்கி மறக்கவே இல்லை. "இவளுக்கு இருந்த அதே ஓட்டை" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். டாக்டர் என்னவென்று கேட்டார். பழைய கதையைச் சொன்னோம்.

அவர் ஒரு பட்டனைத் தட்டினார். சாரல் அடங்கியது. கையில் இருந்த கருவியைக் கொஞ்சம் சாய்த்தார். இடைவெளி இருந்த இடத்தில் சுவர். முழுசாக.

பிறகு பொறுமையாக விளக்கினார். மெஷின் நம் காதுக்குக் கேட்காத சத்தத்தை உள்ளே அனுப்பி, அது பட்டுத் திரும்புவதை வைத்துப் படம் போடுகிறதாம். திரும்பி வரும் சத்தங்கள் ஒன்றோடொன்று கலப்பதால் வருவதுதான் அந்தப் புள்ளிகள். சுவரின் ஓரத்தோடு சத்தம் ஓடிவிட்டால் அங்கிருந்து ஒன்றும் சரியாகத் திரும்பாது, ஓட்டை மாதிரி தெரியும். இப்போது பல பக்கம் சாய்த்துச் சாய்த்துச் சத்தத்தை அனுப்பி, எல்லாப் படத்தையும் கம்ப்யூட்டர் ஒன்றாகச் சேர்க்கிறது. புள்ளிகள் ஒவ்வொரு படத்திலும் இடம் மாறிவிடும், அதனால் கரைந்துபோகும். சுவர் மட்டும் ஒரே இடத்தில் நிற்கும்.

மெயின் அருவிப் பாறையில் லிங்கங்கள் செதுக்கியிருக்கும். தண்ணீர் விழும்போது ஒரு பார்வைக்குத் தெரியாது. பார்த்துக்கொண்டே இருந்தால், தண்ணீர் மாறிக்கொண்டே இருக்கும், லிங்கம் அசையாது. மெல்லக் கண்ணுக்குத் தட்டுப்படும். அது மாதிரியா என்று கேட்டேன். கிட்டத்தட்ட அப்படித்தான் என்று சிரித்தார்.

"ஆனா ரொம்ப மழுமழுன்னு ஆக்கிட்டாலும் ஆபத்து அண்ணாச்சி. நிசமான ஓட்டையும் அழிஞ்சு போயிரும். அதான் பட்டனை அணைச்சும் போட்டும் பாக்குதேன்."

இசக்கி கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள். "அப்போ அன்னைக்கு இவகிட்டத் தெரிஞ்சது?"

அந்தப் படத்தைப் பார்க்காமல் தன்னால் சொல்ல முடியாது என்றார் டாக்டர். பக்கத்து அறையில் இதய ஸ்கேன் எடுக்கிறார்கள், செல்விக்கும் இப்போதே பார்த்துவிடலாம் என்றார்.

இசக்கி எழுந்திருக்கவில்லை. செல்விதான் எழுந்தாள்.

"இருந்தா இருக்குன்னு தெரிஞ்சுக்கிடுதேம்மா. இல்லாததுக்குப் பயந்தது போதும்."

செல்வியின் நடுச்சுவரும் முழுசு.

அந்தக் காலத்தில் ஒரு 'இருக்கலாம்' எங்கள் வீட்டில் அத்தனை வருஷம் குடியிருந்தது. இப்போது, பசையின் சூடு ஆறுவதற்குள் வயிற்றில் இருந்த பேத்தியின் இதயத்தைப் பற்றிய சந்தேகம் தீர்ந்துவிட்டது. இந்த மெஷின் அப்போதே வந்திருந்தால் செல்வி பாவாடை கட்டின வயசிலேயே அருவியில் நின்றிருப்பாள்... அது கொஞ்சம் வருத்தம்தான்.

இந்த சீசனில் ஐந்தருவிக்குப் போனோம். பேத்தியை இடுப்பில் வைத்துக்கொண்டு இசக்கி என் பக்கத்தில் படியில் நின்றாள். செல்வி பெண்கள் பக்கம் போய்த் தலையைக் குனிந்து அருவிக்குள் நுழைந்தாள். கூட்டத்தில் எங்கே நிற்கிறாள் என்று தெரியவில்லை. இசக்கியின் உதடு எதையோ முணுமுணுத்துக்கொண்டே இருந்தது.

செல்வி மூச்சு வாங்க, கண் சிவக்க, சிரித்துக்கொண்டு வந்தாள். இசக்கி முந்தானையால் அவள் முகத்தைத் துடைத்தாள். மணிக்கட்டைப் பிடித்தாள். போதும் வா என்று சொல்லப் போகிறாள் என்று நினைத்தேன்.

பிடித்த கையை விட்டாள்.

"ஏட்டி, இன்னொரு தடவ போயிட்டு வா."