செத்தாலும் சொல்லாத பெட்டி

போன வாரம் ஒரு மீட்டிங்கில் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தேன். கோபம் இன்னும் ஆறவில்லை.

ஓசூரில் தொழிற்சாலை மெஷின்களுக்கு சாஃப்ட்வேர் எழுதிப் பிழைப்பவன் நான் என்பது உங்களுக்குத் தெரியும். போச்சம்பள்ளியில் ஒரு ஆலை. அங்குள்ள ஃபர்னஸின் சூட்டைக் கண்காணிக்க ஒரு குட்டிப் பெட்டி கேட்டார்கள். சூடு எல்லை மீறினால் சைரன் அடிக்க வேண்டும்.

அதற்கு யூனிகெர்னல் போடுவதென்று முடிவானது. பயந்துவிடாதீர்கள்... சாதாரண ஆபரேட்டிங் சிஸ்டம் என்பது வீட்டையே லாரியில் ஏற்றிக்கொண்டு வேலைக்குப் போவது. யூனிகெர்னல், கையில் டிபன் பாக்ஸோடு கம்பெனி பஸ் ஏறுவது. ஒரே ஒரு வேலை, அதற்கு வேண்டிய சாமான் மட்டும்.

இறுதிச் சுற்றில் இரண்டு. ஒன்று கண் சிமிட்டுவதற்குள் பூட் ஆகும். ஆனால் நின்றுபோனால் மூச்சே விடாது. இன்னொன்று சற்று மெதுவாக எழும். விழுந்தால் 'விழுந்துவிட்டேன்' என்று சைரனை அடித்துவிட்டு, காரணத்தையும் எழுதிவைக்கும்.

இரண்டையும் சோதித்தவர் எங்கள் டீமின் ஹேமலதா. ராயக்கோட்டைக்காரர். இரண்டாவதுதான் வேண்டும் என்றார். மேனேஜரோ போனில் ஸ்டாப்வாட்சை ஓடவிட்டு, முதலாவதைத் தேர்ந்தெடுத்தார். டெமோவுக்கு அதுதான் எடுப்பாக இருக்குமாம்!

"சார், ஃபர்னஸு மாசக்கணக்குல ஓடப்போவுது. பெட்டி ஒருக்காதான் எந்திரிக்கும். அது எவ்ளோ சீக்கிரம் எந்திரிச்சா நமக்கென்ன?" என்றார் ஹேமலதா. நானும் கூடச் சேர்ந்து வாதாடினேன். யார் கேட்டார்கள்?

சோதனை ஓட்டத்தில் பெட்டி நின்றது. சத்தமில்லை. திரையில் கடைசியாக வந்த வெப்பநிலை அப்படியே உறைந்து நின்றது — பார்ப்பவர்களுக்கு எல்லாம் சரியாக இருப்பதுபோல. ஃபர்னஸுக்குள் சூடு ஏறிக்கொண்டே போனது. கருகல் வாடை வந்ததும் ஆபரேட்டர் முருகேசன் ஓடிப்போய் பவரை நிறுத்தினார். நல்லவேளை, யாருக்கும் காயமில்லை.

மறுநாள் ஆலையில் மீட்டிங். எங்கள் மேனேஜர் கேட்ட முதல் கேள்வி என்ன தெரியுமா? யாரைக் கேட்டு லைனை நிறுத்தினார் இந்த ஆள்?

முருகேசன் திருநெல்வேலிக்காரர். குரலை உயர்த்தவில்லை. "கேட்டுட்டு வாரதுக்குள்ள அங்க நின்ன நாங்க நாலு பேரும் வெந்துருப்போம்லா சார்?"

அப்போதுதான் எழுந்தேன். விளக்கம் சொல்ல வேண்டியவர் முருகேசன் இல்லை. ஹேமலதா வேண்டாம் என்று சொல்லியும் அந்தப் பெட்டியை அங்கே வைத்த நாங்கள்தான் என்றேன். ஆலை அதிகாரி ஹேமலதா பக்கம் திரும்பினார். அவர் எல்லாவற்றையும் சொன்னார். அன்றே இரண்டாவது யூனிகெர்னலுக்கு உத்தரவானது.

நேற்று மேனேஜர் எல்லோருக்கும் ஒரு மெயில் அனுப்பியிருக்கிறார். 'ஆழ்ந்த பரிசீலனைக்குப் பின்' இரண்டாவதை அவரே தேர்ந்தெடுத்தாராம். ஹேமலதா பெயர் எங்குமே இல்லை. எப்படி ஆறும் கோபம்?

வேகம் வேண்டாம் என்று சொல்லவில்லை ஐயா. முடிவெடுக்கும் முன் ஃபர்னஸ் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள்... ஏசி ரூமில் எதுவும் கருகுவதில்லை!