கலங்கலுக்குக் கீழே ஒரு வீடு

எங்கள் ஊரின் வரலாறு ரொம்பச் சின்னது. ஏரி இருந்தது, அறுபதுகளின் கடைசியில் நாங்கள் போய் அதன் வாயில் வீடு கட்டினோம். அவ்வளவுதான். கீழ்க்கட்டளைப் பக்கம், மேட்டில் பழைய ஊர்க்காரர்கள். அதற்கு மேற்கே ஏரிக்கரை. ஏரி நிரம்பினால் தண்ணீர் வழிந்து ஓடக் கலங்கல். அந்தக் கலங்கலுக்கு நேர் கீழே கிடந்த பள்ளத்தைத்தான் எவனோ ஒரு புரோக்கர் மனை போட்டு, ‘நகர்’ என்று பெயரும் வைத்து, தாம்பரத்து வாத்தியார்கள் தலையில் கட்டிவிட்டான். மனையைச் சித்திரை வெயிலில் மட்டும்தான் காட்டுவான். பாளம் பாளமாக வெடித்த களிமண்ணைப் பார்த்தும் எந்த மேதாவிக்கும் சந்தேகம் வரவில்லை. என் அப்பாவும் அந்த மேதாவிகளில் ஒருவர்.

ஐப்பசியில் ஏரி வழிந்தது. வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர். வெறும் தண்ணீரா அது, கருமம்! தெருவிலிருந்த எடுப்புக் கக்கூஸ்களையெல்லாம் கழுவிக்கொண்டு, செத்த பெருச்சாளிகளோடு, தோல் பதனிடும் கொட்டகைகளின் வீச்சத்தோடு வந்தது. கட்டில்மேல் நின்றுகொண்டு அம்மா அழுதாள். “இன்னொரு மழைக்கு நான் இங்க இருக்க மாட்டேன். வித்துத் தொலைங்க.”

தண்ணீர் வடிந்தது. நாற்றம் வடியவில்லை. சுவரைச் சுற்றிலும் பழுப்பாக ஒரு கோடு. அதைத் தேய்த்துத் தேய்த்து ஓய்ந்துபோன அம்மாவுக்குப் பக்கத்து வீட்டுக்காரிதான் வழி சொன்னாள்.

“இன்னாத்துக்கு இப்பவே தேய்ச்சுகினு கீற? பங்குனியில சுண்ணாம்பு அடி. சித்திரையில வூடு வாங்க ஆளு வரும்.”

உண்மைதான். பொங்கலுக்கோ கிறிஸ்துமஸுக்கோ எங்கள் தெருவில் யாரும் வெள்ளையடிக்க மாட்டார்கள். பங்குனி கடைசியில் தெருவே சேர்ந்து அடிக்கும். ஒருவர் சுவரிலிருந்த தண்ணீர்க் கோட்டை இன்னொருவர் காட்டிக்கொடுப்பதில்லை என்பது எழுதாத சட்டம். இதுதான் எங்கள் ஊர் ஒற்றுமை. தூ!

சித்திரையில் ஒரு தம்பதி வீடு பார்க்க வந்தார்கள். அந்தப் பெண்ணின் தோளில் கைக்குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. என் அம்மாவிடம் நேராகவே கேட்டாள். “மழைக்குத் தண்ணி ஏதாச்சும் வருமாக்கா?”

நான் ஒரு பொய் சொன்னால் வாயில் மிளகாய் தேய்ப்பவள் எங்கள் அம்மா. அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“கர்த்தர் சாட்சியா ஒரு சொட்டு வராதும்மா.”

அம்மா அதோடாவது விட்டாளா? அந்தப் பெண்ணின் கையைப் பிடித்து, தண்ணீர் முதலில் புகுகிற பின்னறைக்கே கூட்டிக்கொண்டு போய், உத்தரத்தைக் காட்டினாள்.

“தொட்டில இங்கயே கட்டிக்கோ. காத்து நல்லா வரும்.”