எல்லா வள்ளமும் கரையில்

காலை ஏழு மணிக்குள் கரையேற வேண்டிய அத்தானின் வள்ளம் ஒன்பதாகியும் வரவில்லை. காற்று வேறு. போனும் கிடைக்கவில்லை. குளச்சலுக்கு மேற்கே எங்கள் ஊரில் ஒரு வள்ளம் வரவில்லை என்றால் வேறு யாரும் தொழிலுக்கு இறங்கமாட்டார்கள். ஆளுக்கொரு கேன் மண்ணெண்ணெயோடு தேடத்தான் இறங்குவார்கள். அன்றைக்கும் கேன்கள் வள்ளத்தில் ஏறிக்கொண்டிருந்தன.

ஊர் வள்ளங்களுக்கென்று ஒரு இணையப் பக்கம் நான்தான் எழுதிக் கொடுத்திருந்தேன். மீன் ஏலக்கூடத்தில் கணக்கெழுதும் அண்ணன் ஒருவர் ஒவ்வொரு வள்ளத்துக்கும் 1 அல்லது 2 என்று தட்டுவார். 1 என்றால் கரையில், 2 என்றால் கடலில். அன்றைக்குப் பதற்றத்தில் 1-க்கு 2, 2-க்கு 1 என்று மொத்தத்தையும் மாற்றித் தட்டிவிட்டதாகப் போனில் சொன்னார். திரும்பத் தட்டச் சொல்லியிருக்கலாம். எனக்குத்தான் பெரிய மூளையாயிற்றே! அந்தப் பக்கத்தை எழுதிய பிஎச்பி என்ற கணினி மொழியில் ஒரே வரி எழுதினேன்: 1 எல்லாம் 2 ஆகட்டும், 2 எல்லாம் 1 ஆகட்டும்.

பக்கத்தைத் திறந்தால் அத்தானின் வள்ளத்துக்கு நேரே ‘கரையில்’ என்று இருந்தது. பக்கத்துக் கரையான முட்டத்தில் ஒதுங்கியிருப்பார், அண்ணனுக்குத் தகவல் வந்திருக்கும் என்று நானே நினைத்துக்கொண்டேன். ஓடிப்போய் அக்காவிடம் காட்டினேன். அவள் அழுதுகொண்டே சிரித்தாள், அடுப்பில் உலை வைத்தாள். கரையில் நின்றவர்களும் போனில் பார்த்துவிட்டுக் கேன்களை இறக்கிவிட்டார்கள்.

அரை மணி நேரம் கழித்துப் பட்டியலை முழுதாகப் பார்த்தேன். கொல்லத்தில் தங்கித் தொழில் செய்கிற ஒரு வள்ளம், ஒரு வாரமாக ஊர்ப்பக்கமே வராதது, அதுவும் கரையில். எழுதிய வரியை மறுபடி திறந்து பார்த்தேன். அந்தக் கட்டளை இரண்டையும் ஒரே நேரத்தில் மாற்றாது. முதலில் 1 எல்லாவற்றையும் 2 ஆக்கும். பிறகு, தான் சற்றுமுன் ஆக்கிய 2-ஐயும் சேர்த்து எல்லாவற்றையும் 1 ஆக்கும். கடலில் கிடந்த அத்தனை பேரையும் நான் கரையேற்றியிருந்தேன். இது எனக்குத் தெரியாததா? மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான், நாசமாய்ப் போக.

கரைக்கு ஓடி, தப்பு என்னுடையது, அத்தான் வரவில்லை என்று கத்தினேன். யாரும் திட்டவில்லை. கேன்களைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

பிறகு அக்காவிடம் போனேன்.

“அக்கா, அத்தான் இன்னும் வரல்ல. நான் எழுதினது தப்பாப் போச்சு.”

அவள் என்னைப் பார்க்கவே இல்லை. அடுப்பை அணைத்துவிட்டுக் கரைக்கு நடந்தாள்.

மதியம் ரெண்டு மணிக்கு அத்தானின் வள்ளத்தைக் கட்டி இழுத்துக்கொண்டு வந்தார்கள். மிதந்துவந்த வலை புரொப்பெல்லரில் சுற்றி எஞ்சின் நின்றிருக்கிறது. அலை தூக்கிப்போட்டு வள்ளத்துக்குள் விழுந்ததில் அத்தானின் தோள்மூட்டு இறங்கியிருந்தது. வலியில் முனகிக்கொண்டிருந்தார். அக்கா அவர் வாயில் தண்ணீர் ஊற்றிவிட்டு, அதன்பிறகுதான் என் பக்கம் திரும்பினாள்.

“ஏலே, நீ வந்து காட்டினப்போ இவரு அங்க செத்துக் கெடந்திருந்தா, நான் இங்க உலை வச்சிட்டுச் சிரிச்சிட்டுல்லா நின்னிருப்பேன்.”