பாட்டுப் பெட்டிக்கு வைத்த சந்தனம்

நான் நான்காம் வகுப்பு படித்த வருஷம், எங்கள் தையல் டீச்சர் ஆயுத பூஜையன்று தம் வீட்டு இயந்திரங்களுக்கெல்லாம் சந்தனம் குங்குமம் வைத்தார். தையல் மெஷினுக்கு, கத்தரிக்கோலுக்கு, சைக்கிளுக்கு. அத்தோடு நிறுத்தியிருக்கலாம். அலமாரியில் இருந்த பாட்டுப் பெட்டியும் இயந்திரம்தானே என்று அதன் மூடியைத் திறந்து, உள்ளே பளபளத்த எஃகுச் சீப்பின் மேல் குழைத்த சந்தனத்தைத் தாராளமாக இழுத்துவிட்டு, நடுவில் ஒரு பொட்டும் வைத்தார். மறுநாள் பெட்டி ஊமையாகிவிட்டது.

அப்படித்தான் அது சித்தப்பாவின் கடைக்கு வந்தது. மாமல்லபுரத்தில் பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே, டீக்கடையை ஒட்டி இருந்தது அந்தக் கடை. கைக்கடிகாரம், டிரான்சிஸ்டர், வெள்ளைக்காரப் பயணிகளின் கேமரா, எது வந்தாலும் பிரித்துப் பார்த்துவிடுவார். எல்லாப் பழுதுக்கும் அவர் சொல்லும் காரணம் ஒன்றுதான்: உப்புக் காத்து. கடலோர ஊரில் அதை யாரும் மறுத்துப் பேச முடியாது. பள்ளி விட்டதும் நான் அங்கே போய்விடுவேன். பொருள், பழுது, காரணம் என்று மூன்று கட்டம் போட்டு ஒரு நோட்டில் எழுதுவது என் வேலை. யாரும் கொடுத்த வேலை அல்ல, நானே எடுத்துக்கொண்டது. மூன்றாவது கட்டத்தில் மேலிருந்து கீழ்வரை உப்புக் காத்துதான் வீசிக்கொண்டிருந்தது.

டீச்சரின் தாத்தா செங்கல்பட்டில் ஒரு துரைக்குச் சமைத்துப் போட்டவர். துரை கப்பலேறும்போது சம்பளத்தோடு இந்தப் பெட்டியையும் கொடுத்துவிட்டுப் போனாராம். கிராமபோனுக்கெல்லாம் மூத்தது இது என்று சித்தப்பா சொன்னார். சுவிட்சர்லாந்துக் கடிகாரக்காரர்கள், மணியை வைத்த இடத்தில் எஃகுப் பல்லை வைத்தால் இடம் மிச்சம் என்று கண்டுபிடித்து, பொடி டப்பிக்குள்கூடப் பாட்டை அடைத்து விற்றார்களாம். பக்கத்து டீக்கடைக்காரர் இதைக் கேட்டுவிட்டு, பொடி டப்பியில் தும்மல்தான் வரும், பாட்டு எப்படி வரும் என்றார்.

பெட்டிக்குள் இருந்தவற்றை நான் நோட்டில் எழுதிக்கொண்டேன். பலாக்காய் போல உடம்பெல்லாம் முள்ளாக ஒரு பித்தளை உருளை. ஒவ்வொரு முள்ளும் சீப்பின் ஒரு பல்லை நெம்பி விடும், பல் அதிர்ந்து ஒரு சுரம் வரும். குட்டையான பல்லுக்குக் கீச்சுக் குரல். நீளமான பல்லுக்கு அடியில் ஈயம் ஒட்டியிருந்தது, அதற்குக் கட்டைக் குரல். ஒரு சுற்று முடிந்ததும் உருளை மயிரிழை நகர்ந்து உட்காரும், அடுத்த சுற்றுக்கு வேறு முட்கள், வேறு பாட்டு. இப்படி ஆறு பாட்டு. சாவி கொடுத்த ஸ்பிரிங் எல்லாவற்றையும் ஓட்டும். அது தலைதெறிக்க ஓடிவிடாமல், ஓரத்தில் ஈயின் இறகு அளவில் ஒரு காற்றாடி சுழன்று வேகத்தைப் பிடித்து வைக்கும். சாவி கொடுத்திருக்கும்போது அந்தக் காற்றாடி பக்கம் கை போகக்கூடாது, அது கழன்றால் உருளை பேய் பிடித்தாற்போலச் சுற்றி முள்ளெல்லாம் முறிந்துவிடும் என்று சித்தப்பா எச்சரித்திருந்தார்.

பெட்ரோலில் தோய்த்த தூரிகையால் பல் பல்லாகச் சந்தனத்தை எடுக்க இரண்டு நாள் ஆனது. மூன்றாம் நாள் பெட்டி பாடியது. டீச்சர் நின்றுகொண்டே ஆறு பாட்டையும் கேட்டார். முடிந்ததும் சித்தப்பா தலையைச் சாய்த்து, "ஒரு பல்லு மட்டும் சரியா பேசலைங்க டீச்சர். நாளைக்கு ஒரு நடை வாங்களேன்" என்றார். எனக்கு எல்லாப் பல்லும் பேசியதாகத்தான் கேட்டது. ஆனால் காது விஷயத்தில் சித்தப்பா பெரியவர்.

மறுநாள் பெட்டி பாதியில் நின்றது. அடுத்த நாள் தொடங்கவே இல்லை. மூன்று வாரம் இப்படியே போனது. டீச்சரும் தினம் மாலையில் வந்து விசாரித்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனார். இதற்கிடையே கடையில் சில மாற்றங்களைக் கவனித்தேன். புதிதாக ஒரு ஸ்டூல் வந்தது. சித்தப்பா இஸ்திரி போட்ட சட்டையில் வந்தார். டீச்சர் இருக்கும் நேரத்தில் மட்டும் அவர் வாயில் 'கீது' என்பது 'இருக்குது' ஆனது.

டீக்கடைக்காரருக்கு இதெல்லாம் நல்ல தீனி. "இன்னா அண்ணாத்த, பாட்டுப் பொட்டி எழுந்துச்சா, இல்ல இன்னும் தூங்கிகினு கீதா?" என்று போகிற வருகிறவர் காதில் விழக் கேட்பார். எனக்கு அவமானமாக இருந்தது. கேமராவையே பிரித்துப் பூட்டுகிறவர் ஒரு சீப்பிடம் தோற்பதா? அந்த வாரம் டீச்சரும், சனிக்கிழமைக்குள் சரியாகாவிட்டால் மெட்ராஸுக்கு எடுத்துப்போய்க் காட்டுவதாகச் சொல்லிவிட்டார். எங்கள் கடையின் மானம் கப்பலேறப் போகிறது என்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

வெள்ளிக்கிழமை மாலை சித்தப்பா முகச்சவரம் செய்துகொள்ளப் போனார். கடிகாரம் பிரிக்கும்போது அவர் மாட்டும் பூதக்கண்ணாடிக் குழலை நான் கண்ணில் மாட்டிக்கொண்டு பெட்டிக்குள் குனிந்தேன். உருளை சரி. சீப்பு சரி. ஸ்பிரிங் சரி. காற்றாடியின் இறகுக்கு நடுவே அரைத் தீக்குச்சி ஒன்று செருகியிருந்தது. எச்சரிக்கை நினைவுக்கு வந்தது, ஆனாலும் சாமணத்தால் அதைப் பிடித்து இழுத்துவிட்டேன். ஒரு முள்ளும் முறியவில்லை. பெட்டி கணீரென்று பாடத் தொடங்கியது.

சரியாக அப்போது டீச்சர் வந்தார். நான் குச்சியை அவர் கையில் வைத்து, கண்டுபிடித்த விதத்தை வரிசையாகச் சொன்னேன். அவர் குச்சியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு மேசையில் ஸ்பிரிட் விளக்கின் பக்கத்தில் கிடந்த தீப்பெட்டியைப் பார்த்தார். பளபளவென்ற முகத்தோடு திரும்பி வந்த சித்தப்பா வாசலிலேயே நின்றுவிட்டார்.

"உப்புக் காத்துல தீக்குச்சிகூட வருமாங்க?" என்று கேட்டார் டீச்சர்.

டீச்சர் பெட்டியைப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார். பாராட்டு வரும் என்று காத்திருந்த எனக்குச் சித்தப்பாவிடமிருந்து, "நல்ல வேல செஞ்ச போ" என்பது மட்டும் கிடைத்தது. சொன்ன குரல் பாராட்டைப் போல் இல்லை. அதன்பின் எட்டு நாள் கடை ஓய்ந்து கிடந்தது. சட்டைக்கு இஸ்திரி நின்றது. டீக்கடைக்காரர்கூடக் கேலி செய்யவில்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

ஒன்பதாம் நாள் டீச்சர் மறுபடி வந்தார். பெட்டியை மேசையில் வைத்தார். பாடவில்லை என்றார். மூடியைத் திறந்தேன். சீப்பின் மேல் சந்தனம், இன்னும் ஈரமாக, வாசனையோடு.

"டீச்சர், ஆயுத பூஜை முடிஞ்சி ஒரு மாசத்துக்கு மேல ஆவுதே" என்றேன்.

டீக்கடையில் யாருக்கோ டீ புரையேறியது. டீச்சர் தரையைப் பார்த்தபடி, எங்கள் ஊர்ப் பேச்சிலேயே மெதுவாகச் சொன்னார்: "உள்ள இன்னாவோ கீதுங்க. நீங்கதான் பாக்கணும்."

சித்தப்பா கண்ணாடிக் குழலை மாட்டிக்கொண்டு வெகுநேரம் அந்தச் சந்தனத்தை ஆராய்ந்தார். "ரொம்ப நாளாவுங்க இது."

"ஆவட்டும்" என்றார் டீச்சர், ஸ்டூலில் உட்கார்ந்து.

நான் நோட்டை எடுத்தேன். பழுது: ஈரச் சந்தனம். காரணம் என்ன போட என்று கேட்டேன். உப்புக் காத்துன்னு எழுது என்று இருவரும் ஒரே குரலில் சொன்னார்கள். எழுதினேன். மனசு ஒப்பாமல் பக்கத்தில் ஒரு கேள்விக்குறியும் போட்டேன்.

தை மாதம் டீச்சர் எங்கள் வீட்டுக்குச் சித்தியாக வந்தார். சீர்வரிசைத் தட்டுகளுக்கு நடுவே அந்தப் பெட்டியைப் பார்த்ததும்தான் எனக்கு நிம்மதியாயிற்று. அடிக்கடி பழுதாகிற பொருள், தினமும் தூக்கிக்கொண்டு எத்தனை நாள்தான் நடப்பார், பழுது பார்க்கிறவர் வீட்டிலேயே வந்து இருந்துவிடுவதுதான் வசதி என்று முடிவு செய்திருக்கிறார். நல்ல யோசனைதான் என்று நினைத்துக்கொண்டேன்.