கரையிலிருந்து கூப்பிட்டால்

எனக்குச் சத்தமாகப் பேச வராது. தில்லி பஸ்ஸில் இறங்க வேண்டிய நிறுத்தம் வந்த பிறகும் கண்டக்டரைக் கூப்பிடக் கூச்சப்பட்டு, அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, கிட்வாய் நகர் வரை திரும்பி நடந்திருக்கிறேன். அப்படிப்பட்ட என்னைப் படகு ஓட்ட இழுத்துக்கொண்டு போனவள் எங்கள் பிளாக்கில் கீழ்வீட்டு அக்கா. திருநெல்வேலிக்காரி. அவள் வீட்டுக்காரரும் என் வீட்டுக்காரரும் ஒரே அலுவலகம். ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும், “ஜல்தி வாட்டி, ஆட்டோ நிக்கி” என்று படியிலிருந்தே குரல் கொடுப்பாள்.

சாலையிலிருந்து யமுனைக்கு ஒரு சந்து இறங்குகிறது. இரண்டு பக்கமும் சுவர். இருவர் உரசிக்கொண்டு போகலாம். அதன் முடிவில் படித்துறையும் துடுப்புப் படகுகளும். குளிர்காலத்தில் பறவைகளுக்கு ஓமப்பொடி மாதிரியான சேவ் போட வருகிறவர்களை ஏற்றிக்கொண்டு போவார்கள். எங்களுக்குப் பழக்கமான படகுக்காரருக்கு எங்கள் வயதுதான் இருக்கும். துடுப்பை எங்கள் கையில் கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்து பீடி பிடிப்பார். அக்கா கோணலாகத் துழாவினால், “மேடம்ஜி, இது குழம்பு இல்லை” என்பார்.

விளையாட்டாகப் பேசுகிறவர் ஒரு விஷயத்தில் மட்டும் சிரிக்க மாட்டார். பனிமூட்டத்தில் கரையிலிருந்து யாராவது கூப்பிட்டால், மூன்றாவது தடவை கூப்பிடும்வரை படகில் இருப்பவர்கள் வாய் திறக்கக் கூடாது.

“ஆளாக இருந்தால் மூன்றாவது தடவையும் கூப்பிடும். மற்றதுக்கு அவ்வளவு பொறுமை கிடையாது.”

அவருடைய சித்தப்பா ஒருமுறை முதல் கூப்பாட்டுக்கே பதில் சொல்லி, குரல் வந்த பக்கம் படகைத் திருப்பினாராம். பாலத்துத் தூணில் முட்டிக்கொண்டு படகு மட்டும் கிடந்தது. அதிலிருந்து அந்தத் துறையில் எல்லோருக்கும் அதுதான் வழக்கம்.

சென்ற குளிர்காலத்தில் அந்தச் சந்து வழியை அடைக்கப் போவதாகப் பேச்சு வந்தது. ஆற்றங்கரையைப் பூங்காவாக மாற்றுகிறார்கள். மோட்டார் படகுக்குத் தள்ளித் தனித் துறை, டிக்கெட். துடுப்புப் படகுக்காரர்கள் ஆற்றில் இறங்க இந்தச் சந்து வழியை விட்டால் வேறு வழி இல்லை. அவர்கள் கூட்டமாகப் போய் முறையிட்டதில் ஓர் அதிகாரி கொஞ்சம் மனம் இறங்கினார். ஒருநாள் காலையில் தானே வந்து பார்ப்பதாகவும், ஆள் புழக்கம் இருந்தால் விட்டுவிடுவதாகவும், இல்லாவிட்டால் சுவர் எழுப்பிவிடுவதாகவும் சொல்லியிருந்தார். எந்த நாள் என்று சொல்லவில்லை.

அவர் வந்த நாளில் துடுப்பின் நுனி கண்ணுக்குத் தெரியவில்லை. அவ்வளவு பனி. சாக்கடை வாடையோடு ஈரம் முகத்தில் ஒட்டியது. பறவைகள் கத்தின, ஒன்றும் தென்படவில்லை. பக்கத்தில் வேறு படகுகள் நிற்பது, அவற்றின் துடுப்பிலிருந்து நீர் சொட்டுவதால் மட்டும் தெரிந்தது.

“கோயீ ஹை?”

யாராவது இருக்கிறீர்களா என்று படித்துறைப் பக்கமிருந்து ஓர் ஆண்குரல். சொட்டும் சத்தம்கூட நின்றதுபோல் இருந்தது. படகுக்காரர் பீடியைத் தண்ணீரில் போட்டார்.

“கோயீ ஹை?”

யாரும் பதில் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அதே குரல் பக்கத்தில் யாரிடமோ சொன்னது தண்ணீர்மேல் தெளிவாக வந்தது. “ஒருத்தரும் இல்லை. அடைத்துவிடச் சொல்.” பிறகு பூட்ஸ் கால்கள் படியேறின.

படகுக்காரருக்கும் புரிந்துவிட்டது. முகம் வெளிறி, உதட்டை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சித்தப்பாவைப் பறிகொடுத்தவரிடம் எதைச் சொல்வது? ஓயாமல் பேசும் அக்கா பலகையை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள்.

“மூணாவது தடவ கூப்பிடட்டும்ட்டி” என்று கிசுகிசுத்தாள்.

“கூப்பிட மாட்டாங்கக்கா. போறாங்க.”

“அப்ப நீ சொல்லு. எனக்குத் தொண்ட அடைக்கி.”

“இருக்கோம்” என்றேன். தமிழில்தான் வந்தது. அது என் குரல் என்று எனக்கே தெரியவில்லை. அவ்வளவு பெரிதாக இருந்தது.

இடது பக்கத்துப் படகிலிருந்து “ஹை” என்று ஒருவர் சொன்னார். வலது பக்கம் இன்னொருவர். அதன் பின்னால் ஒன்று, அதற்கும் பின்னால் ஒன்று. பிறகு பாலத்துப் பக்கத்திலிருந்து வர ஆரம்பித்தது. அங்கே அன்று படகு ஏதும் போகவில்லை. அவசரமில்லாத குரல்கள். ஒன்று முடிந்ததும் அடுத்தது, தள்ளித் தள்ளி, பெயர் கூப்பிட்டு வருகை எடுப்பதைப் போல. கடைசியில் காதுக்கு எட்டாத தூரத்திலும் யாரோ சொல்லிக்கொண்டிருந்தார்கள் என்றே நினைக்கிறேன். படகுக்காரர் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. என் கையிலிருந்து துடுப்பை வாங்கி, கரையை நோக்கிப் போட்டார்.

அதிகாரி படியில் மறுபடி இறங்கி வந்து நின்றிருந்தார். பனிக்குள்ளிருந்து படகுகள் ஒவ்வொன்றாக வந்து ஒதுங்கின. எல்லாம் வந்த பிறகும் அவர் ஆற்றையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இவ்வளவுதானா? நிறையப் பேர் பதில் சொன்னீர்களே. மற்றவர்கள் எங்கே?”

எங்கள் படகுக்காரர் கயிற்றைக் கட்டியபடி, தலை நிமிராமல் சொன்னார். “வருவாங்க, சாப். வழி திறந்திருந்தா வருவாங்க.”

அதிகாரி பக்கத்திலிருந்தவரிடம், “சுவர் வேண்டாம்” என்றார். பிறகு வேகமாகப் படியேறிப் போய்விட்டார். நாங்கள் சந்தில் ஏறியபோது அவருடைய ஜீப் கிளம்பியிருந்தது.

ஆட்டோவில் ஏறியதும் அக்கா என் பக்கம் திரும்பினாள். “நீ பேசினாலும் பேசின, எல்லாரையும்ல எழுப்பிவிட்டுட்ட.” சிரிக்கத்தான் பார்த்தாள்.

வழி இன்னும் திறந்துதான் இருக்கிறது. பூங்கா வேலை அதன் இரண்டு பக்கமும் நடக்கிறது, அதைத் தொடவில்லை. படகுகள் போகின்றன, நாங்களும் போகிறோம். சந்தில் இறங்கும்போது நான் சுவரை ஒட்டி நடக்கிறேன். முதல் வாரமே அக்கா கவனித்துவிட்டாள்.

“யாருக்குட்டி வழி விடுத?”

நான் இன்னும் கொஞ்சம் ஒதுங்கினேன். அடுத்த ஞாயிறு பார்த்தேன், அவளும் என் பின்னால் சுவரோரமாகவே இறங்கி வந்தாள்.