செவந்தா வெந்தாச்சு

திருமால் மாமாவைப் பற்றி யார் கேட்டாலும் எனக்கு முதலில் தலைவலிதான் வரும். விருத்தாசலத்தில் அகல்விளக்கு செய்கிறவர். பூட்டிய கதவைத் திரும்பத் திரும்ப இழுத்துப் பார்ப்பார். பஸ் வேப்பூர் போகும் என்று போர்டில் எழுதியிருந்தாலும் கண்டக்டரைக் கேட்பார், அப்புறம் பக்கத்து சீட்டுக்காரரையும் கேட்பார். சூளை ஆறும்வரை அதன் கதவைத் தொடாத மனுஷன், போனில் மட்டும் ஓயாமல் ரிஃப்ரெஷ் அமுக்குவார்.

எங்கள் விளக்குச் சங்கத்தின் பொதுச் சூளைக்கு முறை பிடிக்கிற வெப்சைட்டை நான்தான் செய்தேன். ஒரு கட்டம், ஒரு முறை. காலி என்றால் பச்சை, யாராவது எடுத்துவிட்டால் சிவப்பு. ஆரம்பத்தில் ரிஃப்ரெஷ் செய்தால்தான் நிறம் மாறும். எல்லாரும் அமுக்கு அமுக்கென்று அமுக்க, சைட்டு படுத்துவிடும். மாமா தன் பேரைப் பாதி டைப் அடித்துவிட்டு ரிஃப்ரெஷ் அமுக்குவார், அடித்ததெல்லாம் போய்விடும். "என் பேர ஏன் அழிச்ச?" என்று என்னைத்தான் திட்டுவார். பொறுக்க முடியாமல், பக்கம் முழுக்கத் திரும்ப வராமல் மாறிய கட்டம் மட்டும் தானாக நிறம் மாறும்படி எழுதிவைத்தேன். சங்கக் கூட்டத்தில் அவரைப் பார்த்தே சொன்னேன்: "இனிமே யாரும் ரிஃப்ரெஷ் அமுக்காதீங்க. அதுவா மாறும்."

அந்தக் கார்த்திகைக்கு அவருக்குச் சூளையில் முறை கிடைத்தே ஆகவேண்டும். தீபத்துக்கு முன்னால் விளக்கு வரவில்லை என்றால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வதாக ஸ்ரீமுஷ்ணம் கடைக்காரர் சொல்லிவிட்டார். மழைக்காலம் வேறு. சுடாத விளக்கில் தண்ணீர் பட்டால் திரும்ப வெறும் மண்தான்.

முறை பிடிக்கிற அன்று காலையில் மாமா போன் செய்தார். குரலில் அப்படி ஒரு சந்தோஷம்.

"பாப்பா, நீ சொன்ன மாரி கையே வெக்கல. அதுவா செவந்துகிட்டே வருது. எல்லாம் செவந்துடுச்சு!"

"உங்க பேரப் போட்டீங்களா?"

"கையே வெக்கலன்றேன்."

"ஐயோ மாமா! செவப்புன்னா முடிஞ்சிபோச்சு!"

"ஆமா, முடிஞ்சிடுச்சு. பச்சன்னா வேகாத மண்ணு. செவந்தா வெந்தாச்சு. எனக்கே சொல்லித் தரியா?"

தலையில் அடித்துக்கொண்டேன். அமுக்காதே என்றபோதெல்லாம் அமுக்கினவர், அமுக்க வேண்டிய அன்றைக்குக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்! என்ன ஜென்மமோ! முறையெல்லாம் போய்விட்டது என்று மட்டும் புரியவைத்துவிட்டு, லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு அவர் கொட்டகைக்கு வண்டியை விட்டேன்.

தூறல் ஆரம்பித்திருந்தது. அவர் மனைவி ராஜாம்பாள் அத்தை விளக்குகள் மேல் தார்ப்பாயை இழுத்து மூடிக்கொண்டிருந்தார். "இத்தினி வேலையும் மண்ணாப் போவுதே பாப்பா" என்றார். மாமா போனையே பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் ஈயாடவில்லை.

"அடப்பாவமே, ஒண்ணு பச்சையாயிடுச்சு பாரு. யாரோடதோ வேகாம போச்சே" என்றார் திடீரென்று.

போனைப் பிடுங்கினேன். யாரோ தன் முறையை விட்டிருக்கிறார்கள். அவசரமாக அவர் பேரை அடித்து அமுக்கினேன். கட்டம் சிவந்தது.

"இது உங்களுது மாமா."

அத்தை தூணைப் பிடித்துக்கொண்டு அழுதேவிட்டார். மாமா போனை வாங்கி ரிஃப்ரெஷ் அமுக்கினார். பேர் இருந்தது. இன்னொரு தடவையும் அமுக்கினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அப்போதுதான் எங்கள் சங்கத்துப் பெரியம்மாள் மாமாவைப் போனில் கூப்பிட்டாள். மங்கலம்பேட்டையில் அவளும் விளக்குத்தான் செய்கிறாள். ஸ்பீக்கரில் அழுகை கேட்டது. "அண்ணே, இங்க சரியான மழ. கொட்டாய் சரிஞ்சி வெளக்கெல்லாம் கரைஞ்சிபோச்சு. என் முறைய விட்டுட்டேன். நீங்களாச்சும் எடுத்துகிட்டீங்களா?"

மாமா தார்ப்பாயைத் திரும்பிப் பார்த்தார். "நனையாதது எதனா இருக்குதா?" என்றார்.

"ஒரு கூடை தேறும்."

"எடுத்துகிட்டு வா. என்னுதோட வேவட்டும்."

போனை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "அந்தக் கட்டத்துல அவ பேரையும் போடு பாப்பா."

"ஒரு கட்டத்துக்கு ஒரு பேருதான் மாமா. போட முடியாது."

"நீதான பண்ண?"

சாக்கை விரித்து உட்கார்ந்து, லேப்டாப்பைத் திறந்து, இரண்டாவது பேருக்கு இடம் செய்ய ஆரம்பித்தேன். மாமா என் தலைக்கு மேலேயே நின்றுகொண்டு, "வந்துடுச்சா? ரிஃப்ரெஷ் அமுக்கட்டுமா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.